ஆழம் தெரியாமல் டயர் மாட்டாதே!

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஜீப்புக்குக் கால் என்றால் டயர்தான். ஆனால் புதிதாக ஜீப் வாங்குகிறவர்களில் பலர் சேற்றின் ஆழத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டு ஜீப்பின் காலைத்தான் பார்க்கிறார்கள். அங்கே பெரிய பெரிய பட்டன் வைத்த, பார்த்தாலே மிரட்டுகிற மட் டெரெய்ன் டயர் இருந்தால் இங்கேயும் அதே டயர் வந்தாக வேண்டும். கம்பெனி கொடுத்த டயரில் பூச்சிமுள் கூட உதிர்ந்திருக்காது... அதைக் கழற்றிக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, புதுசுக்கு லட்சத்தை ஒட்டிச் செலவு. அதற்குப் பிறகு அந்த வண்டி சேற்றைப் பார்ப்பது எப்போது என்று கேட்டால், தெருவில் குடிநீர்க் குழாய் உடையும்போதுதான்!

மட் டெரெய்ன் மோசமான டயர் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கென்று உள்ள வேலையில் அதை அடித்துக்கொள்ள வேறு டயர் கிடையாது. சிக்கல் எங்கே என்றால், அது "உயர்ந்த ரகம்" என்ற நினைப்பில் வாங்கப்படுகிறது. சாதா டயர் முதல் படி, ஆல் டெரெய்ன் இரண்டாம் படி, மட் டெரெய்ன் உச்சிப் படி என்று ஒரு ஏணி பலர் மனதில் இருக்கிறது. டயரில் அப்படி ஏணி எதுவும் கிடையாது. மண்வெட்டியைவிடக் கடப்பாரை உயர்ந்ததா? பாறையைப் பெயர்க்கக் கடப்பாரை, வரப்பு வெட்ட மண்வெட்டி. அவ்வளவுதான் விஷயம்.

மூன்று வகை, மூன்று வேலை

முதலில் ஹைவே டெரெய்ன், சுருக்கமாக எச்.டி. சாலைக்கான டயர். 2023 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி ஜிம்னி, 195/80 ஆர்15 அளவில் இந்த வகை டயரோடுதான் வந்தது. அடுத்து ஆல் டெரெய்ன், அதாவது ஏ.டி. சாலையும் ஓரளவு மண்ணும் கலந்த ஓட்டத்துக்கு. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை மகிந்திரா தாரின் மேல் ரகத்துக்குக் கம்பெனி கொடுத்தது 255/65 ஆர்18 அளவு ஏ.டி. டயர். மூன்றாவதுதான் மட் டெரெய்ன், எம்.டி. இது பெரும்பாலும் கடையில் தனியாக வாங்கி மாட்டுவது.

தார் என்ற பெயர் ஒரு பாலைவனத்தின் பெயர். ஆனால் பெரும்பாலான தார்கள் ஓடுவது தார்ச்சாலையில்தான் :-) 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் வந்துவிட்டது. நான்கு சக்கர இழுவையே இல்லாத வண்டிக்கு எம்.டி. டயர் மாட்டுவது, நீச்சல் தெரியாதவர் நீச்சல் உடை வாங்குவது மாதிரி. போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

சேற்றுக்குள் என்ன நடக்கிறது?

எம்.டி. டயரின் ரகசியம் அதன் ரப்பரில் இல்லை, ரப்பர் இல்லாத இடத்தில் இருக்கிறது. பட்டன்களுக்கு நடுவே அகலமான, ஆழமான பள்ளம் விட்டிருப்பார்கள். டயர் சேற்றில் இறங்கும்போது பட்டன்கள் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தேடும். பள்ளத்துக்குள் புகுந்த சேறு அழுந்தி, ஏணிப்படி மாதிரி பிடிமானம் கொடுக்கும். சக்கரம் சுழலும் வேகத்தில் அந்தச் சேறு வெளியே வீசப்பட வேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்றுக்குப் பள்ளம் காலியாக இருக்கும். பள்ளம் நெருக்கமாக உள்ள சாலை டயரில் சேறு அப்பிக்கொண்டு, இரண்டு சுற்றிலேயே அது மொட்டை டயராகிவிடும்.

எம்.டி. டயரின் பக்கவாட்டிலும் பட்டன் இருக்கும். வண்டி ஆழமான தடத்தில் இறங்கிப் போகும்போது தடத்தின் ஓரச் சுவரைக் கவ்வுவதற்கு அது உதவும். பக்கச்சுவரும் கனமானது, கூர்மையான கல் குத்தினால் சட்டென்று கிழியாது. மலைப் பாதையில் டயர் போவது பெரும்பாலும் பக்கச்சுவர் கிழிந்துதான். அங்கே போட்ட ஓட்டையைப் பஞ்சர் கடையில் நம்பி ஒட்டவும் முடியாது. ஆகவே கல்லும் சேறும் கலந்த இடத்தில் தினமும் ஓடுகிறவருக்கு இந்தக் கனம் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது.

எந்தச் சேறு?

சேற்றுக்கான டயர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே மண் ஒரே மாதிரியா இருக்கிறது?

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசல் மண். காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் பசை. நடந்து போனாலே செருப்பின் அடியில் ஒரு படி மண் ஏறிக்கொள்ளும். எம்.டி. டயரின் பள்ளத்தைக்கூட அது நிரப்பிவிடும். சக்கரத்துக்கு வேகம் கொடுத்து உதறினால்தான் வெளியே வரும். இங்கே எம்.டி. உதவும், ஆனால் டயர் பாதி, ஓட்டுகிற கால் பாதி.

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடு அதற்கு நேர் எதிர். சிவந்த மணல் மேடுகள். மணலில் வெட்டிக்கொண்டு இறங்குகிற டயர் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும், ஏனென்றால் அடியில் தேடிப் பிடிக்கக் கெட்டித் தரை கிடையாது. மணலில் மிதக்க வேண்டும். அதற்கு அகலமான தடமும் குறைந்த காற்றும்தான் மருந்து. சாதாரண ஏ.டி. டயர், காற்றைக் குறைத்துக்கொண்டு போனால், முழுக் காற்றில் போகும் எம்.டி.யைவிடச் சுலபமாகத் தேரியில் ஏறும்.

டெல்டாவின் வயல் சேறு இன்னொரு ரகம். முழங்கால் வரை இறங்கும் உளையில் ஜீப்புக்கு எந்த டயர் மாட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கென்று டிராக்டரும் இரும்புக் கூண்டுச் சக்கரமும் இருக்கின்றன.

மலைப்பாதை என்றால் பாறையும் உருளைக் கல்லும், மேலே மெல்லிய ஈரச் சேறும். போடி, குரங்கணி, கொழுக்குமலைப் பக்கம் இந்த மாதிரிதான். ஈரப் பாறையில் பிடிப்பு வேண்டுமானால் ரப்பர் பாறையோடு நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். மெதுவான ரப்பரும் குறைந்த காற்றும் அங்கே பட்டனைவிட அதிகம் வேலை செய்யும்.

எம்.டி. டயர் உண்மையாகவே ராஜாவாக இருப்பது எங்கே என்றால், மேலே ஒரு சாண் வழவழச் சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள இடத்தில். கோவாவில் 2014-ல் இருந்து மழைக்காலத்தில் நடத்தப்பட்டு வந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் அப்படிப்பட்ட செம்மண் சரிவுகளைப் பார்க்கலாம். மலேசியாவில் 1997-ல் தொடங்கிய போட்டியின் இந்தியப் பதிப்பு அது. அங்கே போட்டியிடுகிறவர் எம்.டி. அல்லது அதைவிட முரட்டு டயர் மாட்டாமல் வந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்த வண்டிகளில் வின்ச் இருக்கும், இழுக்கக் கூடவே ஆள் இருக்கும். டயரை மட்டும் நம்பி யாரும் அங்கே இறங்குவதில்லை.

அகலமா, ஒல்லியா என்பதற்கும் இதே விதிதான். இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 6.00-16 அளவு டயர். இன்றைய கண்ணுக்கு அது சைக்கிள் டயர் மாதிரி தெரியும். ஆனால் ஒல்லியான டயர் மேல்சேற்றைக் கத்தி மாதிரி வெட்டி அடித்தரையைத் தொடும். அடித்தரை இல்லாத உளையிலும் மணலிலும்தான் அகலம் கை கொடுக்கும்.

ஈரத் தார்ச்சாலை என்ற ஆபத்து

பெரும்பாலானவர்கள் யோசிக்காத பகுதி இதுதான். உயிர் சம்பந்தப்பட்டதும் இதுதான்.

பிரேக் பிடித்தால் வண்டி நிற்பது ரப்பரும் சாலையும் உரசுவதால். எம்.டி. டயரில் பாதி இடம் பள்ளம் என்பதால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. கல்லில் பிய்யாமல் இருக்க வேண்டும் என்று அந்த ரப்பரையும் பெரும்பாலும் கெட்டியாகவே செய்வார்கள். சாலை டயரில் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது மாதிரி மெல்லிய கோடுகள் நிறைய இருக்கும். ஈரச் சாலையில் தண்ணீர்ப் படலத்தைத் துடைத்துப் பிடிப்பது அந்தக் கோடுகள்தான். எம்.டி.யில் அவை மிகக் குறைவு. பெரிய பள்ளம் தேங்கிய தண்ணீரை ஒதுக்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் தண்ணீரை ஒதுக்கிய பிறகு பிடிக்க ரப்பர் வேண்டாமா? உயரமான பட்டன் வளைவில் நெளியும் என்பது இன்னொரு தலைவலி. ஆகவே ஈரத் தார்ச்சாலையில் திடீர் பிரேக் போட்டால், நல்ல சாலை டயரைவிட எம்.டி. மாட்டிய வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழை பெய்யும் மாலையில் குறுக்கே ஒரு பைக் வந்தால், அந்தக் கூடுதல் தூரத்தின் விலை என்ன?

சொகுசுக்காக ஜீப் ஓட்டுகிறவரை விடுங்கள். தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து தினமும் விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்கள் ஜீப் ஏறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். அவர்களில் நிறையப் பேர் பெண்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏற்றம் தார்ச்சாலை. கொண்டை ஊசி வளைவுகள், மழை, பனிமூட்டம். கடைசியில் தோட்டத்துக்குள் சில கிலோமீட்டர் மட்டும் சேறும் கல்லும். மாலையில் அதே பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறக்கம். அந்த வண்டிக்கு எந்த டயர் நல்லது? சேற்றில் மாட்டினால் தாமதம், சம்பளத்தில் பிடித்தம் வரலாம். ஈர இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் ஒரு தெருவே அழும். இதில் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டை நிறைய உள்ள நல்ல ஏ.டி. டயர், அந்தக் கடைசிச் சேற்றுக்குத் தேவைப்பட்டால் சக்கரத்தில் சுற்ற ஒரு டயர் சங்கிலி. இதுதான் நியாயமான தேர்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, மொட்டையான டயரில் ஆள் ஏற்றக் கூடாது. கட்டையின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம் சொல்லும் எல்லை. மழை மலைக்கு அதுவே குறைவு.

கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம்

ஏ.டி. டயர் ஒன்று 13,000 ரூபாய், 50,000 கிலோமீட்டர் ஓடும், எம்.டி. ஒன்று 20,000 ரூபாய், 35,000 கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிஜ விலை சைஸுக்கும் கடைக்கும் தகுந்த மாதிரி மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

நான்கு ஏ.டி. 52,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 4 காசு. நான்கு எம்.டி. 80,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 29 காசு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் டயர் தேய்மானத்தில் மட்டும் வித்தியாசம் சுமார் 15,000 ரூபாய். கனமான டயர் உருள அதிகச் சக்தி கேட்கும். மைலேஜ் லிட்டருக்கு 12-லிருந்து 11 ஆகக் குறைந்தால் ஆண்டுக்குச் சுமார் 91 லிட்டர் டீசல் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஏறக்குறைய 8,370 ரூபாய். ஆக மொத்தம் ஆண்டுக்கு 23,000 ரூபாய்க்கு மேல்.

ஆண்டில் நான்கு நாள் மட்டும் சேற்றில் இறங்குகிறவருக்கு, ஒரு சேற்று நாளின் செலவு 5,800 ரூபாய். அந்தக் காசுக்கு ஊர் டிராக்டரை வரவழைத்து வண்டியை இழுத்துவிட்டு, இழுத்தவர் குடும்பத்துக்கே பிரியாணி வாங்கித் தரலாம்! அதே கணக்கை ஆண்டில் 200 நாள் சேற்றில் ஓடும் எஸ்டேட் வண்டிக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 116 ரூபாய்தான். அவருக்கு எம்.டி. மலிவு. ஒரே டயர்தான், ஒருவருக்கு ஊதாரித்தனம், இன்னொருவருக்கு முதலீடு.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. "இப்போ விலை இறங்கிடுச்சு, எம்.டி. வாங்கிடலாம்" என்பது ஒரு வாதம். வரி எல்லா டயருக்கும்தான் குறைந்தது, ஏ.டி.யும் அதே விகிதத்தில் இறங்கும். ஒப்பீடு மாறவில்லை.

பெரிய சைஸ் மோகம்

எம்.டி. வாங்குகிறவர் அதோடு நிற்பதில்லை, ஒரு சைஸ் கூட்டியும் மாட்டுகிறார். தாரின் கீழ் ரகத்தில் வந்த 245/75 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 285/75 ஆர்16 போட்டால் 834. விட்டம் 60 கூடினாலும் வண்டியின் அடிவயிறு உயர்வது பாதிதான், 30 மில்லிமீட்டர். ஆனால் ஒரு சுற்றில் போகும் தூரம் கிட்டத்தட்ட 7.75 சதவீதம் கூடிவிடும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-ல் போகும். இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டீயரிங் திருப்பினால் மட்கார்டில் உரசும். உரசாமல் இருக்க சஸ்பென்ஷனை உயர்த்தினால், வண்டி வளைவில் சாயும்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி தந்த அமைப்புக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் "டயர்தானே மாற்றினேன்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கு ஆசை?

சரக்கு கிடைப்பதும் முக்கியம். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அபூர்வமான சைஸில் வெளிநாட்டு டயர் மாட்டியவருக்கு ஒன்று கிழிந்தால் அதே ஜோடி கிடைப்பது பெரும்பாடு. நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டும்போது நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் அடி. அதனால் ஸ்டெப்னியும் அதே டயராக இருப்பதுதான் நல்லது. நான்கு டயருக்குக் காசு சேர்த்தவர் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்.

வாங்குவதற்கு முன்

தேர்வு செய்ய ஒரு எளிய வழி உண்டு. கடந்த ஓராண்டில் வண்டி ஓடிய நாட்களைத் தாளில் எழுதிப் பிரிக்க வேண்டும். தார்ச்சாலை எத்தனை, மண்பாதை எத்தனை, அடித்தரை உள்ள ஆழச் சேறு எத்தனை. ஆசைப்பட்ட பயணங்களை எழுதக் கூடாது, போன பயணங்களை மட்டும். பத்து நாளில் ஒன்பது நாள் சாலை என்றால் ஏ.டி. போதும். பாதிக்கு மேல் சேறு என்றால் தைரியமாக எம்.டி. வாங்கலாம். அப்போதும் கம்பெனி சைஸில், வண்டியின் எடை தாங்கும் குறியீடு குறையாமல், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பல எம்.டி. டயர்களில் க்யூ என்ற எழுத்து இருக்கும். மணிக்கு 160 கிலோமீட்டர்தான் எல்லை என்று அர்த்தம்.

எந்த டயர் வாங்கினாலும், அதற்கு முன்னால் வாங்க வேண்டியவை இரண்டு: ஒரு நல்ல காற்றழுத்த மானி, வண்டி பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்பு. சாலையில் 30 பி.எஸ்.ஐ. அளவில் ஓடும் டயரைச் சேற்றுக்கு முன்னால் 20 வரை குறைத்தால் தடம் நீளும், பிடிப்பு கூடும். மணலில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். குறைந்த காற்றில் வேகம் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் திரும்பக் காற்று பிடித்தே ஆக வேண்டும். சில ஆயிரத்தில் முடியும் இந்த வேலை தருகிற பலனைப் பார்த்த பிறகும் எம்.டி. தேவை என்று தோன்றினால், அவருக்கு அது நிஜமாகவே தேவை.

டயர்க் கடைக்காரர் வண்டியைப் பார்த்து "சார், இதுக்கு எம்.டி. போட்டா கெத்தா இருக்கும்" என்பார். அவர் வியாபாரம் அது. வண்டி எங்கே ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது, ஓட்டுகிறவருக்குத் தெரியும். கெத்து வேண்டுமென்றால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம், நூறு இருநூறில் முடிந்துவிடும். டயர் என்பது மழை நாளில் வண்டிக்குள் இருப்பவர்களையும், வண்டிக்கு முன்னால் சாலையைக் கடக்கிறவர்களையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டிய பொருள்.